மாத்திரையின் மெல்லாடை

மாத்திரையைக் கையில் எடுத்தவுடன் கண்ணில் படுவன அதன் நிறமும் வழவழப்புமே. அவற்றைத் தருவது மேலே போர்த்திய பாலிமர் படலம். சர்க்கரைப் பாகு பூசினால் மாத்திரையின் எடை பாதியளவு கூடிவிடுவதும் உண்டு. இப்படலமோ நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கே கூட்டும். தடிமனும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது.

இம்மெல்லாடை வெறும் அழகுக்காக அன்று. வயிற்றுப்புண்ணுக்குத் தரும் பாண்டோபிரசோல் இரைப்பை அமிலம் பட்டால் சிதைந்துவிடும். ஆகவே அமிலத்தில் கரையாது குடலில் கரையும் பாலிமரை அதற்குப் பூசுகிறார்கள். அதில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் அமிலம் உள்ளே புகுந்துவிடும். (எங்கள் ஊர்ப் பக்கம் முதியவர்களுக்கு மாத்திரையை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். இவ்வகை மாத்திரையை இடித்தால், ஆலையில் பட்ட பாடெல்லாம் அம்மியிலேயே போயிற்று!)

படலம் ஏன் வெடிக்கிறது? கோடையில் ஏரிச்சேறு வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேற்சேறு உலர்ந்து சுருங்கப் பார்க்கிறது. அடிமண் விடாமல் பற்றிக்கொள்கிறது. மாத்திரையிலும் இதே கதைதான். தெளித்த கரைசல் உலர உலரப் படலம் சுருங்க முயலும், ஒட்டிக்கொண்டிருப்பதால் முடியாது. உள்ளே தகைவு ஏறும். அது இழுவலிமையை மீறியதும், பெரும்பாலும் விளிம்பில், படலம் பிளக்கும்.

வலிமை மிக்க பாலிமர் கிடைத்தால் போதுமே எனலாம். போதாது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மீட்டர் கோலில் எடைகளைத் தொங்கவிட்டு யங் குணகம் காண்கிறோம் அல்லவா? அக்குணகம் இங்கே குறுக்கிடுகிறது. சுருக்கம் அதேயளவாயினும், குணகம் பெரிதானால் தகைவும் பெரிதாகும். வலிமை இருமடங்காகிக் குணகம் மும்மடங்கானால் நமக்கு நட்டமே. எனவே இழுவலிமையை யங் குணகத்தால் வகுத்து வரும் ஈவையே கவனிக்க வேண்டும்.

ஈவை உயர்த்தும் வழி நெகிழ்வூட்டி. எத்தில் செல்லுலோஸ் தனித்து நின்றால் நொறுங்கும் இயல்பினது. டிரைஎத்தில் சிட்ரேட் போன்ற சிறு மூலக்கூறுகள் அதன் நெடுஞ்சங்கிலிகளுக்கிடையே புகுந்தால், சங்கிலிகள் ஒன்றையொன்று உரசி நகர இடம் கிடைக்கும். நம் ஆமணக்கெண்ணெய்கூட இப்பணிக்கு உதவுகிறது! ஆனால் அளவு மிஞ்சினால் படலம் பிசுபிசுத்து, மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டைஆக்சைடோ எதிர்த்திசையில் இழுத்துப் படலத்தை விறைப்பாக்கிவிடும்.

எழுத்துப் பொறித்த மாத்திரைகளில் சில வேளை எழுத்தே தெரியாமற் போவதுண்டு. பள்ளத்தில் படியாமல் படலம் அதன்மேல் பாலம் போட்டு நிற்பதே காரணம். அதைப் பள்ளத்திலிருந்து இழுத்தெடுப்பதும் அதே தகைவுதான்.