இருண்ட ஜனவரிக்கு ஓர் இசை அரங்கு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டிப் பார்க்கவே காலை எட்டே முக்கால் ஆகிவிடும். மாலை நாலு மணிக்குள் மறைந்தும் விடும். பகல் என்று கிடைப்பது ஏறக்குறைய 7 மணி நேரம். அதையும் பெரும்பாலும் மேகமும் தூறலும் எடுத்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் விளக்குகளைக் கழற்றி வைத்த பிறகு வரும் ஜனவரி இன்னும் கடினம். எதிர்பார்க்கப் பண்டிகை எதுவும் மிச்சமிருக்காது.

பருவத்தோடு வரும் சோர்வு

தென்னாப்பிரிக்காவில் பிறந்த நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவர், நியூயார்க்கில் குடியேறிய பிறகு குளிர்காலம்தோறும் தன் உற்சாகம் வடிந்துபோவதைக் கவனித்தார். 1984இல் அவரும் சக ஆய்வாளர்களும் பருவகால மனச்சோர்வை ஒரு தனி நோய்நிலையாக விவரித்தார்கள். எவ்வளவு தூங்கினாலும் போதாது, மாவுப் பண்டங்கள் மீது அடங்காத ஆசை வரும், எடை கூடும், யாரையும் பார்க்கப் பிடிக்காது. வெளிச்சம் குறையும்போது உடலின் உள்கடிகாரம் தடுமாறுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வளர்ந்து பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் போனவர்களும் இந்த அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பலர் இதைச் சோம்பல் என்று எண்ணித் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள்.

இந்தச் சோர்வின் கொடுமை, அது ஆளை வீட்டுக்குள் அடைத்துவிடுவது. தனிமை சோர்வைக் கூட்டும், கூடிய சோர்வு மேலும் தனிமைப்படுத்தும். நேரடிக் கலைநிகழ்ச்சி உதவுவது இந்த இடத்தில்தான்.

காலியான அரங்கில் பிறந்த விழா

முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிளாஸ்கோவின் ராயல் கான்சர்ட் ஹால் ஆளில்லாமல் கிடந்தது. அந்த வெற்று நாட்களை நிரப்ப 1994 ஜனவரியில் தொடங்கியதுதான் ‘செல்டிக் கனெக்‌ஷன்ஸ்’ இசை விழா. இன்று அது நகரின் பல அரங்குகளில் இரண்டரை வாரம் போல நடக்கிறது.

பெரிய அரங்குக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கிளாஸ்கோவின் பப்களில் ‘செஷன்’ என்றொரு வழக்கம் உண்டு. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஃபிடிலில் மெட்டைத் தொடங்குவார். மெட்டு இரண்டாவது சுற்று வருவதற்குள் புல்லாங்குழலும் அக்கார்டியனும் சேர்ந்துகொள்ளும். மேடையும் கிடையாது, மைக்கும் கிடையாது. நனைந்த கோட்டோடு ஓரமாக நிற்பவரின் கால் தானாகத் தாளம் போடும். பெரும்பாலும் இதற்கு டிக்கெட்டும் இல்லை.

டிசம்பரில் பிரிட்டன் முழுக்க ‘பேன்டோ’ நாடகங்கள் களைகட்டும். வில்லன் நாயகனின் முதுகுப் பக்கமாகப் பதுங்கி வருவான். அரங்கில் இருக்கும் அத்தனை குழந்தைகளும் ‘பின்னாடி பார்!’ என்று கத்துவார்கள். பக்கத்தில் இருக்கும் தாத்தாவும் சேர்ந்து கத்துவார். கத்தாமல் இருப்பவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்!

உடல் என்ன செய்கிறது?

பிரிட்டனில் இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரின் இசை நிகழ்ச்சிகளுக்கு வந்த 117 பேரின் உமிழ்நீரை, நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில், மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது.

வீட்டில் இயர்போனில் கேட்டால் ஆகாதா? சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. பியானோ கலைஞர் நேரடியாக வாசித்தபோது, மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா பகுதி பதிவிசையைவிடக் கூடுதலாகத் தூண்டப்பட்டது. கேட்பவரின் மூளை இயக்கத்தைப் பார்த்துப் பார்த்து அவர் வாசிப்பை மாற்றிக்கொண்டே இருந்தார். பதிவிசை அப்படி ஆளறிந்து மாறாது.

நீண்டகாலக் கணக்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் 50 வயது கடந்த, மனச்சோர்வு இல்லாத 2,148 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நாடகம், கச்சேரி, சினிமா, அருங்காட்சியகம் என்று சில மாதங்களுக்கு ஒருமுறை போனவர்களுக்கு மனச்சோர்வு வரும் அபாயம் 32 சதவீதம் குறைவாக இருந்தது. மாதம் ஒருமுறையாவது போனவர்களுக்கு 48 சதவீதம் குறைவு. கலைதான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்கள் என்றும் வாதிடலாம். வசதி, உடல்நிலை போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாடு மறையவில்லை என்பது நம்பிக்கை தருகிறது.

மருத்துவரும் வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால், வேலையும் தூக்கமும் கெட்டால், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் உட்காரும் ஒளிச் சிகிச்சை, பேச்சுவழிச் சிகிச்சை, மருந்து எல்லாம் இருக்கின்றன. கச்சேரி இவற்றுக்கு மாற்றாகாது. இவற்றோடு சேர வேண்டியது.

கிளாஸ்கோவில் ஏழ்மையான பகுதிகளின் குடும்ப மருத்துவர் நிலையங்கள் சிலவற்றில், நோயாளிகளை அக்கம்பக்கக் குழுக்களோடு சேர்த்துவைக்கவே தனிப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பாட்டுக் குழுவோ நாடகப் பயிற்சியோ, தனியாகப் போகத் தயங்குபவருக்கு அவர்கள் வழிகாட்ட முடியும்.

அப்படி ஒருவர் கிடைக்காத ஊரில், டிக்கெட்டை நவம்பரிலேயே வாங்கிவிடுவது உதவும். சோர்வு முற்றிய ஜனவரியில் நிகழ்ச்சி தேடி முன்பதிவு செய்யக் கை எழாது. வாங்கும்போது இரண்டாக வாங்கி, நண்பர் ஒருவரிடம் தேதியைச் சொல்லி, அன்று மாலை வீட்டுக்கே வந்து அழைத்துப் போகும்படி கேட்டுக்கொள்ளலாம்.