கறையானுக்குத் தப்பிய உறுதியும் கணனி வைரசும்

இடம்பெயர்ந்து வாழும் ஒரு கமக்காரக் குடும்பத்துக்குக் கணனி வைரசைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். வீட்டில் கணனி இல்லை, இருந்தாலும் அதில் இருந்து வேலை செய்ய நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் உங்களுடைய காணி உறுதியின் பிரதி இன்று எங்கே இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மூலப்பிரதி தகரப் பெட்டியோடு எரிந்திருக்கும், அல்லது பதுங்குகுழிக்குள் நனைந்து கரைந்திருக்கும். பின்னர் காணிப் பதிவகத்துக்கும் பிரதேச செயலகத்துக்குமாக அலைந்து பெற்ற பிரதியை யாரோ ஒருவர் ஸ்கான் செய்து ஒரு கணனிக்குள் போட்டிருப்பார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப் பத்திரம், காணாமற்போன மகனின் ஒரேயொரு புகைப்படம் ஆகியனவும் அப்படியே. இவை கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணனியில், போட்டோக்கொப்பிக் கடையின் கணனியில், மகளின் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. ஆகவே அந்தக் கணனிக்கு வரும் கேடு உங்கள் வீட்டுக்கு வரும் கேடே.

கடந்த பல வருடங்களாகக் கிராமங்களில் பணியாற்றும்போது நாம் நேரிற் கண்ட சிலவற்றையும், அவற்றிலிருந்து அறிந்துகொண்டவற்றையும் இங்கு பகிர்ந்துகொள்கின்றோம்.

வைரஸ் என்பது என்ன?

வைரஸ் என்றதும் கணனிக்குக் காய்ச்சல் வருகிறது என்று எண்ணவேண்டியதில்லை. கணனி செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் மனிதர் எழுதிய கட்டளைத் தொகுதி ஒன்று உண்டு. வைரசும் மனிதர் எழுதிய ஒரு கட்டளைத் தொகுதிதான். வேறுபாடு என்னவெனில், அது உரிமையாளரைக் கேளாமலே தன்னைத்தானே பிரதிபண்ணி அடுத்த கணனிக்குப் போகிறது. மிளகாய்த் தோட்டம் செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இலை சுருளச் செய்யும் வைரஸ் தானாக நடந்து வருவதில்லை. வெண் ஈ அதைக் காவி வருகிறது. கணனி வைரசுக்கும் காவி வர ஒன்று வேண்டும். முன்னர் அது பிளொப்பித் தட்டாக இருந்தது, பின்னர் பென் ட்ரைவ் ஆயிற்று, இன்று பெரும்பாலும் இணையமும் தொலைபேசிச் செய்தியும்.

ஐபிஎம் வகைத் தனியாள் கணனிகளிடையே பரவிய முதல் வைரஸ் எமது அயலில் இருந்தே வந்தது. 1986இல் பாக்கிஸ்தானின் லாகூர் நகரில் கடை நடத்திய பாசித், அம்ஜத் என்ற சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ அது. தாம் எழுதிய மென்பொருளை அனுமதியின்றிப் பிரதிபண்ணுவோருக்குப் பாடம் படிப்பிக்கவே அதை எழுதியதாக அவர்கள் கூறினர். வைரசுக்குள்ளேயே தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள்! அது கடல் கடந்து அமெரிக்கா வரை போய்விட்டது. இன்று வைரஸ் எழுதுபவர்கள் முகவரி வைப்பதில்லை. அது விளையாட்டாக இருந்த காலம் போய் வியாபாரமாகிவிட்டது.

கோப்புகள் காணாமற் போன கதை

2011ஆம் ஆண்டு, பெரும்போகத்துக்கு முன்னர், மீளக்குடியேறிய குடும்பங்களுக்கு விதைநெல் வழங்குவதற்கான பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். எமது நிலையத்தில் அச்சு இயந்திரம் பழுதடைந்திருந்ததால் தொண்டர் ஒருவர் பட்டியலைப் பென் ட்ரைவில் எடுத்துக்கொண்டு பட்டணத்துக் கடை ஒன்றுக்குப் போனார். அச்சடித்துக்கொண்டு திரும்பி வந்து பென் ட்ரைவை நிலையத்தின் கணனியிற் செருகினார். திறந்து பார்த்தால், இருந்த கோப்புறைகள் எல்லாவற்றிலும் சிறிய அம்புக்குறி ஒன்று விழுந்திருந்தது. இரண்டு நாட்களுக்குள் நிலையத்தின் மற்றக் கணனியிலும், அங்கு வந்துபோன மூன்று சங்கங்களின் பென் ட்ரைவ்களிலும் அதே அம்புக்குறி.

கணனி தெரிந்தவர் என்று அழைக்கப்பட்ட ஒருவர் வந்து, “ஒண்டும் செய்யேலாது, ஃபோமட் அடிப்பம்” என்றார். ஃபோமட் அடிப்பதென்பது பூச்சி பிடித்த வயலைப் பூச்சியோடு சேர்த்துக் கொளுத்துவது போன்றது. உள்ளிருப்பது முழுவதும் போய்விடும். நாம் அதற்கு உடன்படவில்லை.

உண்மையில் நடந்தது இதுதான். இந்த வகை வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் ‘ஷோர்ட்கட்’ எனப்படும் போலிப் படலையை வைக்கிறது. நாம் அதன்மேல் இருமுறை அழுத்தும்போது முதலில் வைரஸ் இயங்குகிறது. பின்னர் எமது கோப்புறையும் திறக்கிறது. எல்லாம் திறப்பதால் எவருக்கும் சந்தேகம் வருவதில்லை. கண்டுபிடிக்க இலகுவான வழி ஒன்று உண்டு. ஷோர்ட்கட்டின் அளவு ஒன்று அல்லது இரண்டு கிலோபைட்டாகவே இருக்கும், ஆனால் பென் ட்ரைவில் நிரம்பிய இடம் முன்போலவே காட்டும். அப்படியானால் உங்கள் கோப்புகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. மறைக்கப்பட்ட கோப்புகளைக் காட்டும்படி கணனியின் அமைப்பை மாற்றி, அவற்றை வேறிடத்துக்குப் பிரதிபண்ணி எடுத்து, வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் கணனியைச் சுத்தப்படுத்தியதன் பின்னரே ஃபோமட் செய்யவேண்டும். எமக்கு இதனை ஆறுதலாகச் செய்து தந்தவர் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி. அவர் வேலையை முடிக்க ஒரு பகல் முழுவதும் சென்றது.

அந்தப் பகலிலும் விதைநெல் விநியோகம் தடைப்படவில்லை. மாதர் சங்கச் செயலாளர் எல்லாப் பெயர்களையும் தமது சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். “உந்தப் பெட்டிய நம்பி நான் எழுதாமல் விடுறேல்ல” என்பது அவரது வழக்கமான பேச்சு.

அக்காலத்தில் பெருமளவிற் பாவனையில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணனிகளில், பென் ட்ரைவைச் செருகியவுடன் அதிலுள்ள கட்டளை தானாகவே இயங்கும் வசதி இருந்தது. 2008 நவம்பரில் உலகெங்கும் பரவத்தொடங்கிய ‘கொன்ஃபிக்கர்’ இந்த வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. 2011 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை நிறுத்தும் திருத்தத்தை இணையத்தினூடாக அனுப்பியது. ஆனால் இணைய இணைப்பே இல்லாத கணனிக்குத் திருத்தம் எப்படி வந்து சேரும்? வைரசோ பென் ட்ரைவில் ஏறி பஸ்சில் வந்து சேர்ந்துவிட்டது. வசதி குறைந்த இடங்களில் வைரஸ் நீண்டகாலம் தங்கிவிடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்பது எமது கருத்து.

உறுதிகளைப் பூட்டிய வைரஸ்

இரண்டாவது அனுபவம் கசப்பானது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் நாம் அடிக்கடி சென்றுவரும் ஒரு கிராமச் சங்கத்தில் நடந்தது. அங்கே 60க்கும் மேற்பட்ட குடும்பங்களின் உறுதிகளும் அனுமதிப் பத்திரங்களும் ஒரே கணனியில் இருந்தன. கணனியைத் திருத்தக் கொடுத்த இடத்தில், பணம் கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள் ஒன்றின் களவுப் பிரதியை அதற்குள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து அதைத் திறந்தபோது திரையில் விண்டோஸ் புதுப்பிக்கப்படுவதாக ஒரு படம் ஓடியது. அந்தப் படம் ஒரு நாடகம். அதன் பின்னால் ஒவ்வொரு கோப்பாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

முடிந்தபோது எல்லாக் கோப்புகளின் பெயருக்கும் வால் போல ஒரு சொல் ஒட்டியிருந்தது. ஒன்றும் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் மட்டும் திறந்தது. திறப்பு வேண்டுமானால் 980 அமெரிக்க டொலர் தரவேண்டும், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலையாக 490 டொலர் என்று அதில் இருந்தது. அன்றைய மதிப்பில் பாதி விலையே ஏறக்குறைய 90,000 ரூபா. கப்பம் கேட்பவன் கழிவும் தருகிறான்!

இவ்வகை வைரஸ்களுக்குத் திறப்பு இலவசமாகக் கிடைப்பதும் உண்டு. நெதர்லாந்துப் பொலிசாரும் யூரோபோல் அமைப்பும் பாதுகாப்பு நிறுவனங்கள் இரண்டுடன் சேர்ந்து 2016 ஜூலையில் ‘நோ மோர் ரான்சம்’ என்ற சேவையைத் தொடங்கினர். பூட்டப்பட்ட கோப்பு ஒன்றை அங்கு அனுப்பினால், அதற்குத் திறப்பு உண்டா இல்லையா என்று பார்க்கலாம். பணம் கேட்பதில்லை. ஆனால் சங்கத்தின் கணனியில் வந்தது புதிய வகை; அதற்குத் திறப்பு கிடைக்கவில்லை. பணம் கொடுக்கவேண்டாம் என்றே நாம் ஆலோசனை கூறினோம். கொடுத்தவர்களுக்கெல்லாம் திறப்பு வந்ததில்லை. வந்தாலும் அந்தப் பணம் அடுத்த வைரசுக்கு முதலாகும்.

ஆரம்பத்தில் உறுதிகளைப் படம் எடுத்த பிள்ளையின் கைத்தொலைபேசியில் பல படங்கள் இருந்தன. சிலரிடம் போட்டோக்கொப்பி இருந்தது. எதுவுமே இல்லாமற் போன குடும்பங்கள் மறுபடியும் காணிப் பதிவகத்து வாசலில் நின்றன. அவர்களுள் முதிய தாய் ஒருவர் எம்மிடம் கேட்டார்: “பாதர், முதல் உறுதி ஷெல்லில எரிஞ்சது. இது என்னத்தில எரிஞ்சது?”

பெரிய இடங்களுக்கும் வரும்

கிராமத்துச் சங்கத்தின் அறியாமையால் இது நடந்தது என்று எவரும் எண்ணவேண்டாம். 2017 மே 12ஆம் திகதி ‘வன்னாகிரை’ என்ற வைரஸ் ஏறக்குறைய 150 நாடுகளில் கணனிகளைப் பூட்டியது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகளில் நோயாளரைத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச்சில், வெளியாகியிருந்தது.

எமது நாட்டிலும் 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையை இவ்வகை வைரஸ் தாக்கியது. ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட காலத்தின் தகவல்கள் இழக்கப்பட்டன. மென்பொருள் பழையதாக இருந்தது. இணைப்பிலிருந்து பிரித்து வேறாக வைத்த பிரதியும் இருக்கவில்லை.

விதைநெல்லை வைப்பது போல

வேறாக வைத்த பிரதி என்பதுதான் இங்கு கவனிக்கவேண்டியது. எந்தக் கமக்காரரும் விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு ஒரே கொம்பறையில் போடுவதில்லை. முக்கியமான பத்திரம் ஒன்றுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும் என்கிறார்கள் இத்துறை அறிந்தவர்கள். அவை இரண்டு வகையான சாதனங்களில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கவேண்டும். சங்கங்களுக்கு நாம் கூறுவது: கணனியில் ஒன்று, தனியான வன்தட்டு ஒன்றில் மற்றொன்று, கடதாசிப் பிரதி அந்தந்தக் குடும்பத்திடம். வன்தட்டுக்குப் பிரதிபண்ணி முடிந்தவுடன் அதனைக் கழற்றிவிடுங்கள். கொழுவியபடியே இருந்தால் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள்; முளைக்குமா என்று பாராமல் விதைநெல்லை வயலுக்குக் கொண்டுபோவதில்லையே.

வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைக் களவுப் பிரதியாக வாங்கவேண்டாம். நோயைக் காசு கொடுத்து வாங்குவதாக அது முடியலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்குள்ளேயே ‘டிஃபெண்டர்’ என்ற காவல் இலவசமாக உண்டு. அது அறிந்த வைரஸ்களின் பட்டியல் நாளுக்கு நாள் புதுப்பிக்கப்படவேண்டும், அதற்கு இணையம் வேண்டும். இணைப்பு இல்லாத சங்கங்கள் கிழமைக்கு ஒருமுறையாவது கைத்தொலைபேசியின் இணையத்தைக் கணனிக்குக் கொடுத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்ததையும் நினைவில் வைத்திருங்கள். வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வரும் பழைய கணனிகளை வாங்குமுன் இதனை விசாரிப்பது நல்லது.

கைத்தொலைபேசி

அதிகம் சொல்லவேண்டியது உண்மையில் இங்கேதான் உள்ளது, ஏனெனில் வீட்டில் இருப்பது அதுவே. நிவாரணப் பணம் வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது, பொதி ஒன்று தபாலில் காத்திருக்கிறது என்று வரும் செய்திகளில் நீல நிறத்தில் ஒரு முகவரி இருக்கும். அனுப்பியவர் உங்கள் மருமகனாகவே இருக்கலாம். அவருடைய வட்ஸ்அப்பை வேறொருவர் கைப்பற்றியிருக்கக்கூடும். 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து பரவிய ‘ஐ லவ் யூ’ வைரசும் இதே வழியில்தான் சென்றது. தெரிந்தவரிடமிருந்து காதற் கடிதம் வந்ததாக நம்பி உலகெங்கும் அதைத் திறந்தார்கள். திறந்தவுடன் அது அவர்களுடைய முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பியது. அதனை எழுதிய மாணவரைத் தண்டிக்க அந்நாட்டில் அப்போது சட்டம் இருக்கவில்லை. எமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் உண்டு.

வட்ஸ்அப்பில் வரும் செயலிகளைத் தொலைபேசியில் ஏற்றவேண்டாம். ‘பிளே ஸ்ரோர்’ கடையிலிருந்து மட்டும் எடுங்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தியாக வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லவேண்டாம். வங்கி உத்தியோகத்தர் என்று சொல்லிக் கேட்டாலும் சரியே. தவறிச் சொல்லிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். தொலைபேசியின் இணையத்தை நிறுத்திவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து உடனே வங்கியை அழைத்துக் கணக்கைத் தடைசெய்யச் சொல்லுங்கள். பின்னர் பொலிசிலும், 2006ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இலங்கை கணனி அவசர ஆயத்தக் குழுவிடமும் முறையிடலாம். வந்த செய்தியை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள், அவர்கள் அதைத்தான் முதலிற் கேட்பார்கள்.