நாலு அங்குலத்தில் எத்தனை கண்ணி?

காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிக் காரவள்ளி வந்ததும் கொல்லிமலை ஏற்றம் தொடங்கிவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் மார்கழிக் குளிர் காதைப் பிடிக்கும். குல்லாவும் ஸ்வெட்டரும் இல்லாமல் அங்கே விடியற்காலையில் வெளியே வர முடியாது. கடையில் வாங்கிக்கொள்வது சுலபம். தன் கையால் பின்னிப் போட ஆசைப்படுகிறவர்களைத்தான் அளவு படுத்துகிறது. புத்தகத்தில் சொன்ன அதே நூல், அதே ஊசி, அதே எண்ணிக்கை. ஆனாலும் பின்னி முடித்த ஸ்வெட்டர் உடம்பைக் கவ்வும், அல்லது தோளில் தொங்கும்.

காரணம் கையில் இருக்கிறது. ஒருவர் நூலை இறுக்கிப் பிடிப்பார், இன்னொருவர் தளர்த்தி விடுவார். நூல் உருண்டையின் லேபிளில் அச்சிட்ட கண்ணிக் கணக்கு ஒரு வழிகாட்டி மட்டுமே. உங்கள் கை எத்தனை கண்ணி போடுகிறது என்பதை நீங்களே அளந்தாக வேண்டும். பின்னல்காரர்கள் இதைக் கேஜ் என்கிறார்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்பதுதான் அது.

இதற்கு ஒரு மாதிரித் துண்டு பின்ன வேண்டும். ஆறு அங்குலச் சதுரம் போதும். பின்னியதைத் துவைத்து, இழுக்காமல் சமமாகப் பரப்பி உலர்த்திய பிறகே அளக்க வேண்டும். ஓரங்கள் சுருண்டுகொள்ளும் என்பதால் நடுப்பகுதியில் ஸ்கேலை வைத்து நாலு அங்குலத்துக்குள் வரும் கண்ணிகளை எண்ணுங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஓர் அங்குலத்தை மட்டும் எண்ணினால் அரைக் கண்ணி கண்ணுக்குத் தப்பிவிடும். அந்த அரைக் கண்ணியில்தான் எல்லாம் கெடுகிறது.

எப்படி என்று பார்க்கலாம். மார்புச் சுற்றளவு 36 அங்குலம். உள்ளே சட்டை இருக்கும், கை வீச இடமும் வேண்டும். அதற்கு 4 அங்குலம் கூட்டி 40 என்று வைத்துக்கொள்வோம். நாலு அங்குலத்தில் 20 கண்ணி என்றால் அங்குலத்துக்கு 5. நாற்பதுக்கு 200 கண்ணி ஏற்ற வேண்டும். அதே 200 கண்ணியை, நாலு அங்குலத்தில் 22 போடும் இறுக்கமான கை பின்னினால் என்ன ஆகும்? அங்குலத்துக்கு 5.5. இருநூறை ஐந்தரையால் வகுத்தால் 36 அங்குலமும் கொஞ்சமும். கூட்டி வைத்த தளர்ச்சி முழுக்கப் போய், ஸ்வெட்டர் தோலோடு ஒட்டும். நாலு அங்குலத்தில் 18 போடும் தளர்ந்த கைக்கு அதே 200 கண்ணி 44 அங்குலத்தைத் தாண்டிப் போகும். மாதிரித் துண்டு பின்ன ஆகும் ஒரு மாலைப்பொழுதை வீண் என்று நினைப்பவர்கள், ஒரு மாத உழைப்பை அவிழ்க்க நேர்ந்தால் என்ன செய்வார்கள்?

கண்ணி கூடுதலாக வந்தால் ஊசியைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், 4 மி.மீ. ஊசிக்குப் பதில் 4.5 என்பது போல. குறைவாக வந்தால் சிறிதாக்க வேண்டும். கையை வலிந்து தளர்த்திப் பின்னப் பார்ப்பது நிற்காது. பத்து வரிசை போவதற்குள் பழைய பிடி திரும்பிவிடும்.

குல்லாவுக்குக் கணக்கு எதிர்த் திசையில் போகும். அது தலையைப் பிடித்து நிற்க வேண்டும் என்பதால் கூட்டாமல் கழிக்கிறோம். தலைச் சுற்றளவு 21 என்றால் 19 அங்குலத்துக்குப் பின்னலாம். அங்குலத்துக்கு 5 வீதம் 95 கண்ணி. ஆனால் உச்சியில் எட்டுப் பங்காகப் பிரித்துக் குறைத்துக்கொண்டே போவது வழக்கம். 95 எட்டால் வகுபடாது. எனவே 96 ஏற்றினால் பங்குக்கு 12 கண்ணி. அதிகமான ஒரு கண்ணியைத் தலை உணரவே உணராது.

இதே கணக்கைத்தான் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் போடுகின்றன. அங்கே கேஜ் என்றால் வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பது. 30 அங்குல டயா, 24 கேஜ் இயந்திரத்தில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் சுற்றி நிற்கும். ஊசியின் எண்ணிக்கை மாறாது. ஆகவே துணியின் குணத்தை ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூலின் நீளத்தைக் கொண்டு கட்டுப்படுத்துகிறார்கள். லூப் லெங்த் என்பார்கள். 100 கண்ணியை அவிழ்த்து, நூலை நேராக நீட்டி அளந்தால் 28 செ.மீ. வருகிறதென்றால், ஒரு கண்ணிக்கு 2.8 மி.மீ. கண்ணியின் நெருக்கம் இந்த நீளத்தைப் பொறுத்தது என்பதை 1959-ல் மன்டன் என்ற ஆய்வாளர் சூத்திரமாகவே எழுதிக் காட்டினார்: நீளம் பாதியானால் ஒரு சதுர அங்குலத்தில் கண்ணிகள் நாலு மடங்காகும்.

துணியின் எடை பார்ப்பதற்கு வட்டக் கத்தி இருக்கிறது. துணியில் வைத்துத் திருகினால் சரியாக 100 சதுர செ.மீ. வில்லை வெட்டுப்பட்டு வரும். தராசில் அது 1.5 கிராம் காட்டினால் நூறால் பெருக்கி, 150 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம், என்று குறித்துக்கொள்வார்கள். அங்கும் துவைத்துப் பார்க்காமல் அளவை முடிவுசெய்வதில்லை. பருத்திப் பின்னல் துணி முதல் துவைப்பில் சுருங்கும்.

இந்த ஊசி எண்ணிக்கை விவகாரம் பழையது. 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய காலுறைப் பின்னல் இயந்திரத்தில் அங்குலத்துக்கு 8 ஊசிதான் இருந்தது, துணி முரடாக வந்தது. பட்டுக் காலுறை பின்ன அவர் அதை அங்குலத்துக்கு 20 வரை கொண்டுபோனார்.

வீட்டுப் பின்னலில் கடைசியாக ஒரு திருத்தம் இருக்கும். பூ வேலைப்பாடு 12 கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வருகிறதென்றால் 200 சரிப்படாது. 192 அல்லது 204 ஏற்ற வேண்டும். 204 என்றால் சுற்றளவில் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் கூடும். மலைக்குப் போகிற ஸ்வெட்டருக்கு அதை எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இன்னொரு சட்டை போடலாம்.