கரும்பும் கத்திரி வெயிலும்

நெய்வேலி மண்ணுக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி, மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே ஞாயிற்றொளியில் வளர்ந்த தாவரங்களின் எச்சம் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். அத்தாவரங்கள் ஒளியைக் கொண்டு சர்க்கரை சமைத்த அதே தொழில், இன்றும் சுரங்கத்தைச் சூழ்ந்த வயல்களில் நடைபெறுகின்றது. எனினும், நெல்லும் கரும்பும் அதனை ஒரே முறையில் செய்வதில்லை.

இலைத்துளை வழியே புகும் கரியமில வாயுவையும் வேர் தரும் நீரையும் ஒளியின் ஆற்றலால் சர்க்கரையாக்குவதே ஒளிச்சேர்க்கை. இதில் கரியமில வாயுவைப் பற்றும் நொதியின் பெயர் ரூபிஸ்கோ. அதற்கு ஒரு குறை உண்டு. சில வேளைகளில் கரியமில வாயுவுக்குப் பதிலாகப் பிராணவாயுவைப் பற்றிவிடும். அப்போது, சேர்த்த கரியில் ஒரு பகுதியைச் செடி மீண்டும் காற்றில் இழக்கின்றது. வெப்பம் ஏற ஏற இவ்விழப்பும் ஏறும். நீரைக் காக்க இலைத்துளைகள் மூடிக்கொண்டாலோ, உள்ளே கரியமில வாயு அருகி, இழப்பு மேலும் பெருகும். நெல்லும், நம் பகுதியின் முந்திரியும் பலாவும் இவ்வகையினவே.

கரும்போ இப்பணியை இரண்டு அறைகளில் பகிர்ந்து செய்கின்றது. வெளியறையில், பிராணவாயுவால் ஏமாறாத வேறொரு நொதி கரியமில வாயுவைப் பற்றி, நான்கு கரியணுக்கள் கொண்ட அமிலமாக்குகின்றது. அவ்வமிலம், இலை நரம்பை வளையமாகச் சூழ்ந்த உட்செல்களுக்குச் சென்று வாயுவை விடுவிக்கின்றது. ரூபிஸ்கோ அங்கேதான் உள்ளது. கரியமில வாயு செறிந்திருக்கும் அவ்விடத்தில் அது பிழை செய்வது மிக அரிது. ஹவாய்த் தீவில் கரும்பை ஆராய்ந்த கோர்ச்சாக் குழுவினர் 1965-இல் இதற்கான சான்றை வெளியிட்டனர். ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் ஆகிய இருவரும் 1966-இல் இவ்வழியை விளக்கினர்.

இம்முறைக்குக் கூடுதல் ஆற்றல் செலவாகும். ஆயினும், வெயில் கொளுத்தும் நாட்டில் செலவைவிட வரவே மிகுதி. சோளம், கம்பு, கேழ்வரகு, ஏன், வரப்பிலுள்ள அறுகம்புல்லும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஒரே அளவு வளர்ச்சிக்கு இவை நெல்வகைச் செடிகளைவிட ஏறக்குறையப் பாதி நீரையே செலவிடுகின்றன.

நிலக்கரிப் புகையும் ஒரு காரணமாக, உலகின் வெப்பம் ஏறிவருகின்றது. நெல்லுக்கும் கரும்பின் திறனை அளிக்க அறிவியலார் 2008 முதல் கூடி முயன்று வருகின்றனர். அத்தகைய நெல் இன்னும் உழவர் கைக்கு எட்டவில்லை. ஆனால் வெயிலைத் தாங்கும் தானியங்கள் நம் புன்செய்களுக்குப் புதியவை அல்ல. ஏழையின் கூழ் என்று நாம் ஒதுக்கியவை அவை. உண்பார் இன்றேல் விதைப்பாரும் இரார். ஆதலின், நம் குடும்பங்களில் வாரம் ஒரு நாளேனும் கம்பும் கேழ்வரகும் உலையேறட்டும்.