சாமி செய்ததையெல்லாம் நாமும் செய்யணுமா?

குளோராந்தா, கிரெக் ஸ்டாஃபோர்ட் 1966-இல் உருவாக்கத் தொடங்கிய கற்பனை உலகம். 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் விளையாட்டின் களமும் இதுதான். ஏகப்பட்ட சாமிகள். கும்பிடுவது என்றால் படையல் வைத்து வரம் கேட்பதோடு முடியாது. சாமி நடந்த மாதிரி நடக்கணும்.

எவ்வளவு தூரம் என்பதுதான் சிக்கல்.

சலானா அராய் குணமாக்கும் தெய்வம். அவள் அடியார்கள் யாரையும் தாக்குவதில்லை. செத்தவரை மீட்கும் மந்திரமும் அவர்களிடம் உண்டு. ஆனால் மரணக் கடவுள் ஹுமக்ட்டின் அடியாருக்கு அது ஆகாது. ஹுமக்ட் சொந்தபந்தத்தை அறுத்துக்கொண்டவன்; அடியாரும் அறுத்துக்கொள்கிறார். சாவைக் கும்பிட்டுவிட்டுச் சாவிடமே சலுகை கேட்க முடியாதில்லையா? கொடுமைதான், ஆனால் குழப்பமில்லை.

குழப்பம் புயல் கடவுள் ஓர்லாந்த்திடம். சூரியப் பேரரசன் யெல்மைக் கொன்றவன் அவன். உலகம் இருண்டது. பிறகு அவனே பாதாளம் போய் யெல்மோடு சமாதானம் பண்ணினான், விடிந்தது. பக்கத்துக் குலத்தானை வெட்டிவிட்டு "சாமியே செய்தாரே" என்பவன் பாதிக் கதையைத்தான் பின்பற்றுகிறான் என்பேன்.

சடங்கில் இந்தச் சலுகையும் கிடையாது. 1999-இல் வந்த கிங் ஆஃப் டிராகன் பாஸ் கணினி விளையாட்டில், புராணத்துக்குள் புகுபவர் அந்தந்த இடத்தில் சாமி செய்ததையே தேர்ந்தெடுக்கணும். பிசகினால் காயம், வெறுங்கை.

ஏர் பிடிக்கிற சம்சாரிக்கு இத்தனை பாடு வேண்டாம். அவனுக்கென்றே ஓர்லாந்த்தின் மகன் பார்ன்டார் இருக்கிறான். அந்தச் சாமியும் உழுகிறவன்தான்.