சிரிக்க வைத்த இருவர்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் இடையே, இன்று பேரங்காடி ஒன்று நிற்குமிடத்தில், 1923ஆம் ஆண்டு ‘நியூ வேர்ல்டு’ எனும் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. பகலெல்லாம் உழைத்த மக்கள் மாலையில் அங்கே கூடிக் களித்தனர்.

இத்தகைய பூங்காக்களில் ‘கெத்தாய்’ எனப்படும் சீனப் பாட்டு மேடைகள் இருந்தன. அம்மேடைகளில் வளர்ந்த நகைச்சுவை நடிகர்களே வாங் ஷா, யே ஃபெங் ஆகிய இருவரும். முன்னவர் மெலிந்தவர், பின்னவர் பருத்தவர். லாரல், ஹார்டி இணையை நினைவூட்டும் தோற்றம் அவர்களுடையது.

1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. பூங்கா மேடையில் சிலரே கண்டு மகிழ்ந்த இவ்விருவரையும் பல்சுவை நிகழ்ச்சிகள் வீடுதோறும் கொண்டு சேர்த்தன. தியோச்சியூ, ஹொக்கியென், கேண்டனீஸ் எனச் சீனர்தம் வீட்டுப் பேச்சுகளைக் கலந்து பேசிச் சிரிக்க வைத்ததே இவர்களின் தனித்திறன்.

1979ஆம் ஆண்டு, ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கத்தை அரசு தொடங்கியது. சீனரிடையே பொதுமொழி பரவ அது துணைநின்றது. எனினும், வட்டார மொழி நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியில் குறைந்தன. அம்மொழிகளில் பிறந்த நகைச்சுவைக்கும் இடம் சுருங்கிற்று. யே ஃபெங் 1995இலும் வாங் ஷா 1998இலும் மறைந்தனர். அப்பேச்சை அறியாத இளையோருக்கு அவர்தம் நகைச்சுவை முழுமையாக விளங்குவதில்லை.

இதில் நமக்கும் பாடம் உண்டு. தோட்டத் திருவிழாக்களில் கூத்தும் நாடகமும் நடத்திய முதியோர் நம்மிடையே உள்ளனர். அவர்தம் பாட்டையும் பேச்சையும் இன்றே கேட்டு எழுதி வைப்போமாக.