ஜகதீச சந்திர போஸும் கம்பியில்லாத் தந்தியும்

கம்பியில்லாத் தந்தியைக் கண்டவர் யார் என்னும் கேள்வி எழும்போதெல்லாம், நம்மவரிற் பலர், "எங்கள் ஜகதீச சந்திர போஸே, மார்க்கோனி அவருடைய பொருளைக் கவர்ந்துகொண்டார்" என்று ஆவேசத்துடன் விடையிறுக்கின்றனர். தேசாபிமானம் சிறந்த குணமே. ஆயினும், சாட்சியத்துக்கு மிஞ்சி வாதாடும் வக்கீல் தம் கட்சிக்காரருக்கே தீங்கிழைக்கிறார். ஆதலின் உண்மை யாதெனப் பார்ப்போம்.

1858-ல் வங்காளத்திற் பிறந்து, இங்கிலாந்திற் பயின்று திரும்பிய போஸ், 1885-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பிய ஆசிரியரினும் இந்தியருக்குச் சம்பளங் குறைவு என்பது அக்காலத்து வழக்கம். அவர் மூன்றாண்டுகள் தவறாது பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். முடிவில் சர்க்கார் இணங்கி, முன்காலத்துக்குஞ் சேர்த்து முழுச் சம்பளத்தையும் அளித்தது.

தக்க ஆராய்ச்சிக்கூடமில்லாத அக்கல்லூரியில், உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவரைப் பழக்கிக் கருவிகள் செய்வித்தார். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். 1895-ல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் அவர் விடுத்த அலைகள் சுவரை ஊடுருவிச் சென்று மணியை அடித்தன, வெடிமருந்தைக் கொளுத்தின. 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தம் கருவிகளை விளக்கினார்.

மார்க்கோனியின் நோக்கம் வேறு. நீண்ட அலைகளைக் கொண்டு நெடுந்தூரம் செய்தி அனுப்புதலே அவர் கருத்து. 1896-ல் பிரிட்டனிற் பேடெண்டுக்கு விண்ணப்பித்தார். 1909-ல் பிரௌனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். போஸ் செய்தி அனுப்பும் தொழிலை நாடவேயில்லை. அலைகளின் இயல்பையே ஆராய்ந்தார். எனவே திருட்டு வழக்கு நிற்காது.

ஆனால் கடன் வழக்கு ஒன்று நிற்கும். அலைகளை உணரும் பாதரசக் கருவியொன்றைப் பற்றி 1899-ல் ராயல் ஸொஸைட்டியின் வாயிலாகப் போஸ் வெளியிட்டார். 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் செய்தி வாங்கியபோது பயன்பட்டது அவ்வகைக் கருவியே. அதன் மூலம் போஸினுடையதே என்று பிற்கால ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர்.

போஸ் ஏன் உரிமை கோரவில்லை? அறிவை விற்றல் தகாது என்பது அவர் கொள்கை. 1901-ல் லண்டனில் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர், பேடெண்ட் பெறுமாறு வேண்டியும் மறுத்தார். பின்னர் நண்பர்களின் வற்புறுத்தலால் அமெரிக்காவில் ஒரு பேடெண்ட் 1904-ல் கிடைத்தது. அதனால் அவர் பொருளீட்ட முயலவேயில்லை. 1917-ல் கல்கத்தாவில் தாம் நிறுவிய ஆராய்ச்சி மன்றத்திலும், கண்டுபிடிப்புகள் பொதுச்சொத்தே என்று வகுத்தார்.

இத்தியாகத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் பிறருக்கு அவ்வாறே உபதேசிக்கத் துணியோம். பேடெண்ட் என்பது பணத்துக்கு மட்டுமன்று, இன்னார் இன்ன தேதியிற் கண்டார் என்பதற்கும் அத்தாட்சியாகும். தானம் செய்வோரும் சாஸனம் எழுதி வைத்தல் நன்று. நம் இளம் விஞ்ஞானிகள் இதனை மறத்தலாகாது.

1937-ல் போஸ் மறைந்தார். அவர் ஆராய்ந்த மில்லிமீட்டர் அலைகள் இன்று ராடாரிலும் புதிய தொலைபேசி ஏற்பாடுகளிலும் பயன்படுகின்றன. 2012-ல் ஐ.இ.இ.இ. என்னும் மின்பொறியாளர் சங்கம், அவ்வாராய்ச்சியையே பாராட்டிக் கல்கத்தாவில் நினைவுப் பலகை நாட்டிற்று. மார்க்கோனியின் கிரீடத்தைப் பறித்து அவருக்குச் சூட்ட வேண்டுவதில்லை, அவருக்குரியதே போதும்.